கையைத் துறந்த கல்வி

ஆண்டில் ஒரேயொரு நாள் தமிழன் வீட்டில் பொத்தகமும் அரமும் ஒரே பலகையில் அமர்கின்றன. ஆயுத பூசை என்று அதற்குப் பெயர். அன்று சுத்தியலுக்கும் ஒரு பொட்டு. கணக்குப் பொத்தகத்திற்கும் ஒரு பொட்டு. பொரியும் கடலையும் படைத்துக் கும்பிட்டு முடிந்ததும் பொத்தகம் மாடிக்குப் போய்விடுகின்றது. அரம் பட்டறைக்குப் போய்விடுகின்றது. அடுத்த ஆண்டு வரையில் ஒன்றன் முகத்தில் மற்றொன்று விழிப்பதில்லை. கருவிக்குப் பொட்டிட்டு வணங்குகின்ற ஓர் இனம், அக் கருவியை எடுத்து இயக்குகின்ற கையை மட்டும் கல்விக்கூடத்தின் வாயிலிலேயே நிறுத்திவிட்டது. வழிபாடு கருவிக்கு, இகழ்ச்சி கைக்கு! இவ் விரட்டை நடிப்பின் விலையைத்தான் இன்றைய தமிழ் மாணவன் தன் வாழ்நாளால் கட்டிக்கொண்டிருக்கின்றான்.

இந்திய ஒன்றியத்தில் தொழிலகங்களின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டிற்கு. பொறியியற் கல்லூரிகளோ நானூற்றுக்கு மேல். இவ் விரு செய்திகளையும் அடுத்தடுத்து மேடையில் முழக்கிக் கைதட்டு வாங்குவோர், இரண்டுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தைச் சொல்வதில்லை. நான்காண்டு எந்திரப் பொறியியல் பயின்று பட்டம் பெற்ற இளைஞன் ஒருவனிடம் ஓர் அரத்தைக் கொடுத்து, ஓர் இரும்புத் துண்டின் ஒரு முகத்தை மட்டமாக அராவித் தரச் சொல்லுக. அரம் முன்னே செல்லுங்கால் அழுத்த வேண்டும், பின்னே மீளுங்கால் அழுத்தலாகாது என்னும் முதற்பாடமே அவனுக்கு வந்திராது. அவனை நகைத்தல் வேண்டா. குற்றம் அவனுடையதன்று. நான்காண்டுகளும் அவன் கையில் இருந்தது எழுதுகோல் ஒன்றே. அவ் வெழுதுகோலும் படியெடுக்கவே பயன்பட்டது.

ஆய்வகப் பதிவேடு என்று ஒன்று உண்டு. செய்து பார்த்ததைச் செய்தவன் எழுதிவைக்க வேண்டிய ஏடு அது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அது மூத்த மாணவனின் பதிவேட்டைப் பார்த்து இளைய மாணவன் எழுதும் ஏடாகிவிட்டது. அளந்து பெறவேண்டிய எண்கள் அளக்கப்படாமலேயே வந்து குந்திக்கொள்கின்றன. விடை இவ்வளவு வரவேண்டும் என்பது முன்னரே தெரியுமாகலின், அதற்கேற்ப அளவைகள் பின்னோக்கிப் புனையப்படுகின்றன. இறுதியாண்டில் மாணவன் தானே ஆக்கிக் காட்டவேண்டிய பொறியை விலைக்குச் செய்து கொடுக்கும் கடைகள் பெருநகரங்களில் விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டே நடக்கின்றன. பெற்றோர் அறிவர், ஆசிரியர் அறிவர், தேர்வாளரும் அறிவர். அனைவரும் அறிந்த ஒரு பொய்க்கு அனைவரும் கூடி மதிப்பெண் இடுகின்றனர்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தமிழன் சொல்லிவைத்தான். அப் பழமொழியும் ஏட்டிலேயே நின்றுவிட்டது.

புதுப்புனைவு என்பது ஏதோ வானத்தினின்று ஒருவன் தலையில் வந்து விழுவது என்றே பள்ளி கற்பிக்கின்றது. கொதிகலத்தின் மூடி ஆடுவதைக் கண்டான், நீராவிப் பொறி பிறந்தது என்று சிறுவனுக்குக் கதை சொல்லப்படுகின்றது. உண்மை வேறு. சேம்சு வாட் கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்தும் செப்பனிட்டும் பிழைத்தவர். 1763-64 இல் நியூகோமன் பொறியின் சிறு மாதிரியொன்று பழுது பார்க்கும் பொருட்டு அவர் கைக்கு வந்தது. அது குடிக்கும் நீராவியின் அளவைக் கண்டு வியந்து, ஏன் இவ்வளவு வீணாகின்றது என்று அளந்து பார்த்தவருக்கு 1765 இல் விடை கிடைத்தது. நீராவியைக் குளிர்விக்க வேறொரு கலம் வேண்டும். 1769 இல் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் முழு அளவுப் பொறிகள் 1776 இல்தான் தொழிலிடங்களில் ஓடின. இடையில் பதினோராண்டு! எண்ணத்தில் குறையில்லை, எண்ணத்தைத் தாங்கும் உருளையைக் கடைந்து கொடுக்கக் கையில்லை. உந்துதண்டுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே நீராவி ஒழுகிக்கொண்டே இருந்தது. சான் வில்கின்சன் என்னும் இரும்புத் தொழிலர் பீரங்கிக் குழாய் குடைவதற்கென 1774 இல் ஆக்கிய துரப்பணப் பொறியே அவ் வொழுக்கை அடைத்தது. ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையில் ஒரு பழைய வெள்ளிக் காசின் தடிப்பளவும் பிழை நேரவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் மகிழ்ந்து எழுதினார். வாட்டின் பெயரைத் தமிழ்நாட்டுச் சிறுவன் அறிவான். வில்கின்சன் பெயர் அவன் பாடத்தில் இல்லை. எண்ணியவன் பெயர் நிற்க, கடைந்தவன் பெயர் உதிர்ந்து போவதே இங்குள்ள கல்வியின் இலக்கணம்.

இவ் விலக்கணம் எவ்வளவு ஆழமாகப் பிளந்திருக்கின்றது என்பதற்கு ஓர் உளியைக் காண்க.

ஊர்க் கொல்லன் உளிக்குத் தோய்ச்சலிடுகின்றான். முனையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கின்றான். முனை இப்போது கண்ணாடிபோற் கடினம். ஓங்கி அடித்தால் தெறிக்கும். ஆகவே முனையைக் கல்லில் தேய்த்து வெள்ளெனத் துலக்குகின்றான். உளியின் பின்புறத்தில் எஞ்சிய வெப்பம் மெல்ல முனையை நோக்கி நகர்கின்றது. துலக்கிய இடத்தில் நிறங்கள் ஊர்ந்து வருகின்றன. முதலில் வைக்கோல் மஞ்சள், பின்பு பழுப்பு, அதன்பின் ஊதா, கடைசியில் நீலம். வேண்டிய நிறம் விளிம்பைத் தொட்ட நொடியில் மீண்டும் நீரில் அழுத்துகின்றான். பதம் நின்றுவிடுகின்றது. வைக்கோல் மஞ்சள் என்பது ஏறத்தாழ 220 முதல் 230 பாகை வெப்பம். நீலம் என்பது 300 பாகையை ஒட்டியது. வெப்பமானி இல்லாமலேயே அவன் கண் அதைப் படிக்கின்றது.

அந் நிறங்கள் எங்கிருந்து வந்தன? சூடேறிய எஃகின்மேல் உயிர்வளி கூடி மிக மெல்லிய தோல் ஒன்று படர்கின்றது. அத் தோலின் மேற்புறத்தில் பட்டு மீளும் ஒளியும் அடிப்புறத்தில் பட்டு மீளும் ஒளியும் தம்முள் கூடியும் குலைந்தும் நிறம் காட்டுகின்றன. தோல் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். மேனிலைப் பள்ளியின் இயற்பியல் நூலில் இப் பாடம் இருக்கின்றது. சவர்க்காரக் குமிழியும் நீர்மேற் படர்ந்த எண்ணெயும் எடுத்துக்காட்டாக நிற்கின்றன. மாணவன் அதை உருப்போட்டுச் சமன்பாட்டோடு எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றான். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிக் கொல்லுலையில் அதே பாடம் நாள்தோறும் நடக்கின்றது. அங்கு அவனை எவரும் அழைத்துச் சென்றதில்லை. கொல்லன் மகனுக்கோ நிறம் தெரியும். அந் நிறம் ஒளியின் கூத்து என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. ஒருவனுக்கு ஏன் என்பது தெரியும், எப்படி என்பது தெரியாது. மற்றவனுக்கு எப்படி என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. இவ் விரண்டும் ஒரே தலையில் சேர்ந்தால் அன்றோ புதியதொரு மாழைக் கலவை பிறக்கும்?

சேர்ந்த தலை ஒன்று இருந்தது. அது கொல்லன் மகனின் தலை. இலண்டனில் பிறந்த மைக்கேல் பாரடே! நூற்கட்டுநரிடம் ஏழாண்டு தொழில் பயின்ற அவர், 1819 முதல் 1822 வரையில் சேம்சு சுடோடார்ட்டு என்னும் கத்தி செய்வோருடன் கூடி எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். அவ் வாராய்ச்சியின் தொடக்கமே இந்தியாவின் தென்பகுதியினின்று சென்ற 'ஊட்சு' எஃகு. அப் பெயர் உருக்கு என்னும் தென்மொழிச் சொல்லோடு உறவுடையது என்பது அறிஞர் பலர் கருத்து. ஈரோட்டு மாவட்டக் கொடுமணலில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் எச்சங்களை அகழ்வோர் தோண்டி எடுத்துள்ளனர். இதைச் சொன்னவுடன் தமிழ் மேடைகளில் கைதட்டு வானைப் பிளக்கும். பிளக்கட்டும். ஆயின், கொடுமணற் பெருமையை மூன்று நாழிகை முழங்குகின்றவர் தம் மகனை உலையருகே ஒரு நாழிகையேனும் நிறுத்தியதுண்டா? மகன் கைந்நகத்தில் கரி படிந்தால் தம் மதிப்புக் கெடும் என்று அஞ்சுகின்றவர்க்குக் கொடுமணல் எதற்கு? பாட்டன் காய்ச்சிய எஃகைப் பேரன் பேசித் தீர்க்கின்றான்.

இக்காலத் தொழிலகம் கொல்லுலை அன்று. அங்கே கணினி ஏவப் பொறி கடைகின்றது. கைத்திறன் இனி எதற்கு என்று கேட்பார் உளர். கற்றவர் போலத் தோன்றும் கேள்வி இது. பட்டறைக்குள் கால் வைத்தறியாதவர் கேள்வியும் இதுவே. கணினி இயக்கும் கடைசற்பொறி எண்களை மட்டுமே அறியும். எப் பொருளை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, எவ் வுளி எம் மாழையை எவ் விரைவில் சீவும், சீவல் ஏன் சுருளாமல் கொத்தாய்ச் சிக்குகின்றது, பொறி ஏன் கீச்சிடுகின்றது என்பனவற்றை அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். ஒரு குறி தவறி நிரல் எழுதப்பட்டால், அப் பொறி அஞ்சாமல் அயராமல் தன் உளியைத் தன் பிடியிலேயே கொண்டுபோய் மோதும். கையால் கடைந்தறிந்தவன் நிரலைப் படிக்கும்போதே உளியின் வழி அவன் கண்முன் ஓடும். பிழையை மாழை காண்பதற்கு முன் அவன் காண்பான். கைத்திறனும் கணினித்திறனும் பகையல்ல. முன்னது இல்லாதவனிடம் பின்னது குருடன் கைவிளக்கு.

அளத்தலை எடுத்துக்கொள்க. உருள்தாங்கி (பட்டறையினர் பேரிங்கு என்பது) பொருந்தவேண்டிய தண்டு ஒன்று 50 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்க. நெருங்கிய பொருத்தத்திற்குரிய தரநூல் அதற்கு விடும் பிழையெல்லை வெறும் 16 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் வரும் ஒரு கூறே மைக்ரான். தலைமயிரின் தடிப்பு அதனினும் பன்மடங்கு பெரிது. இப்போது அத் தண்டு கடைசலினின்று சுடச்சுட வருகின்றது. அறையைக் காட்டிலும் 30 பாகை வெப்பம் கூடுதல். எஃகு அவ் வெப்பத்திற்கு 17 மைக்ரான் அளவு விரிந்திருக்கும். சூட்டிலேயே அளந்து சரி என்று ஒப்பமிட்டவனின் தண்டு, ஆறியபின் எல்லைக்கு வெளியே சுருங்கிக் கிடக்கும். விடப்பட்ட பிழையெல்லை முழுவதையும் வெப்பமே விழுங்கிவிட்டது! வெப்பத்தால் பொருள் விரியும் என்று ஆறாம் வகுப்பிலேயே எழுதி மதிப்பெண் பெற்றவன்தான் இவனும். அவ் வரி அவன் விரல் நுனிக்கு இறங்கி வரவில்லை.

அளத்தலில் இன்னும் ஆழமான பாடம் ஒன்று உண்டு. பள்ளித் தேர்வில் விடை ஒன்றே. அது சரி, அல்லது தவறு. பட்டறையில் அப்படி இல்லை. எப் பொருளும் குறித்த அளவில் துல்லியமாய் ஒருகாலும் அமையாது. எவ்வளவு பிழையை ஏற்கலாம், எவ்வளவைத் தள்ளவேண்டும் என்று முன்கூட்டியே வகுப்பதுதான் அறிவு. தேவைக்கு மேல் துல்லியம் கேட்டால் விலை ஏறும். குறைத்துக் கேட்டால் பொறி நிற்கும். பத்தாயிரம் உறுப்புகள் ஒன்றன் இடத்தில் ஒன்று மாற்றிப் பொருத்தத்தக்கனவாய் வெளிவருவது இவ் வறிவால்தான். பிழையைக் கண்டு நடுங்காமல், மறைக்காமல், அளந்து ஆளும் மனப்பான்மை அது. சிவப்பு மைக்கு அஞ்சிப் பதிவேட்டில் எண்களைப் புனைந்து பழகிய மாணவனுக்கு அம் மனப்பான்மை எங்ஙனம் வரும்? அவன் தொழிலகத்திற்குச் சென்றாலும் அங்குள்ள ஆய்வுத் தாளிலும் வேண்டிய எண்ணையே எழுதுவான். பழகிய கை அது.

வரைபடம் படித்தல், அளத்தல், மாழையின் குணம் அறிதல், மின்சுற்று அமைத்தல், நிரல் எழுதுதல், விலை கணித்தல், கெட்டதைக் கழற்றி ஏன் கெட்டது என்று துப்பறிதல் ஆகிய இவையெல்லாம் பதினான்கு அகவையில் தொடங்கவேண்டிய பயிற்சிகள். பின்லாந்து நாடு கைவினையைத் தொடக்கப்பள்ளிக் கட்டாயப் பாடமாக்கியது 1866 இல். செருமானிய இளைஞன் கிழமையில் சில நாள் தொழிலகத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலுமாகப் பயில்கின்றான். தமிழ்நாட்டிலோ கையால் ஒன்றைச் செய்தல் என்பது படிப்பு ஏறாதவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. மதிப்பெண் குறைந்தவனைத் தொழிற்பிரிவில் தள்ளு. அங்கும் தேறாதவனைத் தொழிற்பயிற்சி நிலையத்திற்கு அனுப்பு! தள்ளப்பட்ட இடத்தில் எவன் தலை நிமிர்வான்?

இவ்விடத்தில் ஒரு குரல் எழும். கைத்தொழிலைப் பள்ளியில் புகுத்துவது குலக்கல்வியை மீண்டும் அழைப்பதாகாதா? இக் குரலை எளிதில் ஒதுக்கலாகாது. இதன் பின்னால் ஓர் உண்மையான புண் இருக்கின்றது. 1953 இல் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குயவன் பிள்ளைக்குக் குயத்தொழில், வண்ணான் பிள்ளைக்கு வெளுப்புத் தொழில். ஏடே தொழிலாய்ப் பிறந்தவன் பிள்ளைக்கு மட்டும் இரு பொழுதும் ஏடு! தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் அத் திட்டம் குழியில் இடப்பட்டது. சரியான தீர்ப்பு அது. 2023 இல் ஒன்றிய அரசு விசுவகர்மா என்னும் பெயரோடு பதினெட்டுத் தொழில்களுக்குத் திட்டம் விரித்தபோது, குடும்ப வழித் தொழிலுக்கே அது பிள்ளைகளைக் கட்டிப்போடும் என்று கூறி, 2024 நவம்பரில் தமிழ்நாட்டரசு அதனை அவ் வடிவில் ஏற்க மறுத்ததும் அப் புண்ணின் நினைவால்தான்.

ஆயின் ஒன்று நிகழ்ந்துவிட்டது. குலத்தைக் குழியில் இட்டபோது தொழிலையும் சேர்த்துப் புதைத்துவிட்டனர். எதிர்த்திருக்க வேண்டியது தச்சன் மகன் உளி பிடிப்பதை அன்று; தச்சன் மகன் மட்டுமே உளி பிடிக்கவேண்டும் என்பதை. மருத்துவர் மகளும் உளி பிடிக்கட்டும். தச்சன் மகளும் நுண்கணக்குப் பயிலட்டும். இருவரும் ஒரே பணிமேடையில், ஒரே அகவையில், ஒரே மதிப்பெண்ணுக்கு. இதுவன்றோ குலக்கல்விக்கு மெய்யான மாற்று? கைத்தொழிலை எவருக்கும் கற்பிக்காமல் விட்டதால் குலம் அழியவில்லை. கைத்தொழில் கீழோர்க்கு உரியது என்னும் பழைய கறையே புதிய சாயம் பூசிக்கொண்டு, பட்டதாரிக்கு மேசை, பட்டமற்றவனுக்குப் பட்டறை என்று நிலைத்துவிட்டது. குலக்கல்வியை ஒழித்தவரின் பேரப்பிள்ளைகள் வீட்டுக் குழாயில் நீர் ஒழுகினால் ஆள் தேடி நிற்கின்றனர். வந்த ஆளைத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்பதில்லை.

வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு வாய்ப்பு இல்லாமற் போகவில்லை. சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது 1794 இல்; கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் அது. சப்பானியர் தோக்கியோவில் பொறியியற் கல்லூரி தொடங்கியது 1873 இல். எழுபத்தொன்பது ஆண்டு பிந்திப் புறப்பட்டவர் முந்திச் சென்றது எவ்வாறு? கிண்டி, வெள்ளையரின் பொதுப்பணித் துறைக்கு அலுவலர் வேண்டும் என்று எழுந்தது. தோக்கியோ, சப்பானுக்குப் பொறி வேண்டும் என்று எழுந்தது. அங்கே தலைவராய் வந்த என்றி டயர் இருபத்தைந்து அகவை நிறையாத சுகாத்து இளைஞர். ஆறாண்டுக் கல்வியை வகுத்து, அதில் இறுதி ஈராண்டு முழுவதையும் தொழிலிடப் பயிற்சிக்கே ஒதுக்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த அக் கல்வியைப் பின்னர்ச் சப்பானியர் தம் மொழிக்கு மாற்றிக்கொண்டனர். இவ் விரண்டு செயல்களையும் சேர்த்தே கருதவேண்டும். கையும் தாய்மொழியும் ஒருங்கே கல்விக்குள் நுழைந்தன.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. பொறியியல் பேராசிரியராய் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898 இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியக் கலங்கள் அடிக்கத் தொடங்கினார். பயிற்றும் கூடமே ஆக்கும் கூடமாயிற்று. கலங்கள் கடைத்தெருவில் விலைபோயின. அரசு தொழில் நடத்துவதோ என்று வணிகர் முணுமுணுத்தனர். 1910 இல் இலண்டனிலிருந்து மார்லியின் ஆணை வந்தது: அரசு கற்பிப்பதோடு நிற்கட்டும், தொழில் நடத்தல் வேண்டா. கற்பித்தலையும் ஆக்குதலையும் பிரித்த கத்தி அன்று கடல் கடந்து வந்தது. வெள்ளையன் போய்விட்டான், கத்தி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கோவை அக் கத்திக்குத் தப்பியது பல்கலைக்கழகத்தின் அருளால் அன்று. நூற்பாலைகளின் பழுதான பொறிகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர்கள் அங்கே பட்டறை வைத்தனர்; 1932 இல் பைக்காரா மின்னாற்றல் வந்தது; கிணற்று நீரிறைக்கும் பொறிகளும் மின்னோடிகளும் அடுத்தடுத்துப் பிறந்தன. பள்ளிப் படிப்பை முடிக்காத கோ. து. நாயுடு ஓர் ஈருருளியைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றவர். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டியவர். மழிப்புக் கத்தியும் மின்னோடியும் ஆக்கியவர். 1945 இல் ஆர்தர் ஓப் பெயரால் கோவையில் தொழிற்கல்லூரி எழுந்தபோது அதன் பொறுப்பையும் ஏற்றார். பொறியியலை இத்தனை ஆண்டு நீட்டுவது கால வீண்; செய்முறையோடு சுருங்கக் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசு இணங்கவில்லை, அவர் விலகினார். அவர் கொள்கை முழுதும் சரியா என்பது வேறு. ஆழ்ந்த கணக்கறிவுக்குக் குறுக்குவழி இல்லை என்று மறுப்பார்க்கும் இடமுண்டு. ஆயின் அன்று எழுந்த வழக்கைப் பின்வந்த எந்தக் கல்விக் குழுவும் முறையாக எடுத்து உசாவவில்லை.

மொழிக்கு வருக. தமிழ்த் தொழிலாளன் நாவில் அறிவியல் இல்லை என்போர் அவன் பேச்சைக் கேட்டறியாதவர். அங்குலத்தை எட்டாய்ப் பிரித்து ஒரு கூறை 'நூல்' என்கின்றான் தச்சன். மூலைமட்டம், தூக்குக்குண்டு, இழைப்புளி, கடைசல், வார்ப்பு, தோய்ச்சல் என அவன் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலைக் கைப்பிடித்துக் காட்டுகின்றன. மாழையை மாழையோடு பற்றச் செய்வது பற்றாசு. பொற்கொல்லன் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த செயலினின்றே, உட்பொருள் வைத்துப் பேசுவதைப் 'பொடிவைத்துப் பேசுதல்' என்று தமிழர் வழங்கினர். பட்டறையே மொழிக்கு உவமை கொடுத்த காலம் அது! கல்லூரி வாயிலில் இச் சொற்கள் அனைத்தும் செருப்புப்போல் வெளியே கழற்றி வைக்கப்படுகின்றன. உள்ளே, பன்னிரண்டாண்டு தமிழில் பயின்ற சிற்றூர்ப் பிள்ளை, பொருளை விட்டு ஆங்கில ஒலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றது. ஆங்கிலம் கற்கலாகாது என்பதன்று. உலக ஆய்வேடுகளைப் படிக்க அது வேண்டும். ஆயின் படிக்கும் மொழி வேறு, நினைக்கும் மொழி வேறு. பழுதான பொறியின் முன் நின்று, இது ஏன் நின்றது என்று ஒருவன் தன்னுள் வினவுவது தாய்மொழியில்தான்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் எந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவ் வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்று ஆண்டில் ஒரு பயிர் வேரூன்றவில்லையெனில் பயிரைப் பழிப்பதா, நீர் விடாதவனைப் பழிப்பதா? இங்குத் தமிழ்ப் பற்றாளர்க்கும் பங்குண்டு. கலைச்சொல் அகரமுதலிகள் குவிகின்றன. அவற்றை ஆக்கியவருள் எத்தனை பேர் ஒரு பட்டறையில் ஒரு கிழமை நின்று, தொழிலாளன் வாய்ச்சொல்லைக் குறித்துக்கொண்டவர்? அறைக்குள் அமர்ந்து ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்த சொல், பட்டறைக் கதவருகே வந்து வழி தெரியாமல் நிற்கின்றது. கடைசற்காரன் 'லேத்து' என்கின்றான். அவனிடம் கடைசல் என்னும் சொல்லும் முன்பே இருக்கின்றது என்பதை அவனோடு பழகியவனே அறிவான்.

இவையெல்லாம் கல்விச் சிக்கல் மட்டும் என்று எண்ணுவார், திருப்பெரும்புதூரை நினைக்க. 2006 இல் அங்கே நோக்கியாவின் கைப்பேசித் தொழிலகம் திறந்தது. சிற்றூர்களினின்று ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பேருந்தேறிச் சென்று உறுப்புகளைக் கோத்தனர். 2014 நவம்பரில் கதவு அடைபட்டது. கைப்பேசியின் கூட்டை வார்க்கும் அச்சை வடிக்கவும், சுற்றுப்பலகையை வரையவும், கோக்கும் பொறியை ஆக்கவும் அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. எட்டாண்டு கோத்த விரல்கள் வெறுங்கையோடு வீடு திரும்பின. இன்றும் அவ் வட்டாரத்தில் வேறு பெயர்களில் கைப்பேசிகள் கோக்கப்படுகின்றன. ஏற்றுமதிக் கணக்கு உயர்கின்றது, நல்லதே. ஆயின் அச்சு எவனுடையதோ அவனுடையதே தொழில். அச்சை வடிப்பவன் நாட்டை விட்டுப் போனால் தொழிலும் போகும். கோப்பவன் போனால் அடுத்த பேருந்தில் வேறொருவன் வருவான். தமிழ் மாணவனை எவ் விடத்தில் நிறுத்துவது என்பதே வழக்கு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது பொய். 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி உருவாவில் புதுக்கும் திட்டம் டாட்டா நிறுமத்தோடு கூடி எடுக்கப்பட்டு, 2023 முதல் அவை திறக்கப்பட்டன. எந்திரக் கைகளும் கணினிக் கடைசற்பொறிகளும் அங்கே வந்துள்ளன. பொறி வந்தது, வரவேற்கத்தக்கது. அப் பொறிமுன் வந்து நிற்கும் பதினாறு அகவைப் பிள்ளை அதற்கு முன் பத்தாண்டில் எத்தனை முறை ஒரு திருகாணியைக் கழற்றியிருக்கும்? அடிப்பள்ளியில் கை பழகாமல் மேற்பள்ளியில் எந்திரக் கை எதற்கு?

அடிப்பள்ளியில் கையைப் பழக்க வேண்டியவர் நிலையைக் கண்டால் அரசின் மனம் விளங்கும். 2012 இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேர் அமர்த்தப்பட்டனர். ஓவியம், உடற்பயிற்சி, கணினி, தையல், தோட்டவேலை, கட்டடவேலை ஆகியவற்றைக் கற்பிப்போர் இவர்கள். கிழமைக்கு மூன்று அரைநாள் வேலை. திங்கள் ஊதியம் 5,000 உருவா. பின்னர் அவ் வூதியம் சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டது. நிலைப்பணி கேட்டு அவர்கள் சென்னைத் தெருக்களில் அமர்ந்ததும், காவலர் அவர்களை வண்டியில் ஏற்றிச் சென்றதும் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வந்தன. வரைபடம் படிக்கக் கண்ணைப் பழக்கும் ஓவிய ஆசிரியர் அவ் வண்டியில் இருந்தார். நூலளவு பிசகாமல் துணியை வெட்டக் கற்பிக்கும் தையல் ஆசிரியை இருந்தார். கணினி ஆசிரியரும் இருந்தார். இம் மூவரும் முழுநாள் ஆசிரியராய், முழு ஊதியத்தோடு, கருவிகள் நிறைந்த ஓர் அறையோடு ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் இருக்கவேண்டும். கணக்காசிரியரும் இயற்பியலாசிரியரும் கிழமையில் ஒரு நாளேனும் தம் வகுப்பை அவ் வறைக்குக் கொணர்ந்து, அங்குள்ள பணிமேடைமேல் பாடம் நடத்தவேண்டும். அவ் வறையில் பெறும் மதிப்பெண் பத்தாம் வகுப்பின் மொத்த மதிப்பெண்ணில் கணக்குக்கு ஒப்ப நிற்கவேண்டும். பொறியியற் கல்லூரியில் சேர்க்கும்போதும் அது எண்ணப்படவேண்டும். ஊரில் தோய்ச்சல் அறிந்த கொல்லன் எவரேனும் இருப்பின், அவரை ஊதியம் கொடுத்து அழைத்து, 'ஐயா' என்று விளித்து, ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தவேண்டும்.